கம்பி போடாத தளம்

எல்விரா கோபக்காரி என்று செகின் ஊரில் பேர் எடுத்தவள். அந்தப் பேரைப் பற்றி அவளுக்கு வருத்தமும் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலாக மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பின்னால் அறுபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். முன்னால் டெக்ஸஸ் வெயில் கண்ணைக் குத்தும். தலைக்கு மேல் இருக்கும் நீளக் கண்ணாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தால் போதும், எவன் எதை எறிந்தான் என்று சொல்லிவிடுவாள்.

"மூணாவது வரிசை, ஜன்னலோரம். பேந்தப் பேந்த முழிக்காத. கீழ கெடக்கிறதப் பொறுக்கு."

பிள்ளைகள் அவளுக்கு இடியம்மா என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒருத்தன் மேல் வந்த கோபத்தை மட்டும் பத்து வருஷம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய கொழுந்தன் லியாண்ட்ரோ.

விஷயம் வீட்டு வாசலில் ஆரம்பித்தது. தெருவிலிருந்து கார் ஷெட் வரைக்கும் முன்பு வெறும் சரளைதான் கொட்டிக் கிடந்தது. மகள் நெல்டாவுக்குப் பதினைந்து வயது நிறையப் போகிறது, ஊரைக் கூட்டிக் கொண்டாட வேண்டும், பாட்டுக்காரர்கள் வருவார்கள், குதிகால் செருப்பு போட்ட பெண்டுகள் ஆடுவார்கள், சரளைக்கல்லில் எப்படி ஆடுவது என்று எல்விரா கான்கிரீட் போட முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கால்பந்து ஆட்டத்துக்கு வெளியூர் கூட்டிப்போகிற ஓட்டத்தை யாரும் ஏற்க மாட்டார்கள், வீடு திரும்ப நேரமாகும் என்று. அந்த ஓட்டத்தை அவள் இரண்டு பருவம் ஏற்றுச் செய்து காசு சேர்த்தாள்.

லியாண்ட்ரோ வீட்டு அஸ்திவாரங்களுக்குக் கான்கிரீட் போடும் கும்பலில் வேலை பார்த்தவன். "வெளியாள் எதுக்கு மதினி? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறது தெரியலையா?" என்றான். கூலி வேண்டாம் என்றும் சொன்னான். எல்விரா சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் கம்பிக்கும் பணம் கொடுத்தாள். கம்பிக் கட்டுகள் வந்து வாசலில் நின்ற பெக்கான் மரத்தில் சாய்ந்து நின்றன. இருட்டில் அதில் ஒருநாள் முழங்காலை இடித்துக்கொண்டு, கம்பியையும் கொண்டு வந்தவனையும் சேர்த்துத் திட்டினாள்.

கான்கிரீட் கொட்டிய அன்று அவள் ஊரில் இல்லை. பள்ளி வாத்தியக் குழுவை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒரு போட்டிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் வாசல் பளிங்கு மாதிரி கிடந்தது. லியாண்ட்ரோ மீசையை நீவிக்கொண்டு நின்றான். எல்விரா அவனைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். விழாவன்று அந்தத் தளத்தில் கணவன் ஓமேரோவோடு முதல் ஆட்டம் ஆடியதும் அவள்தான்.

இரண்டு கோடை தாங்கியது.

செகின் பக்கத்து மண் கரிசல். மழை பெய்தால் குடித்துக் குடித்து உப்பும். ஆகஸ்டில் காய்ந்தால் உள்ளங்கை உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும். மேலே எது கிடந்தாலும் அதைத் தூக்கும், இறக்கும், முறுக்கும். முதலில் குறுக்கே ஒரு கீறல் விழுந்தது. அது கிளை விட்டது. தெருப் பக்கத்துத் துண்டு மேலே எழும்ப, ஷெட் பக்கத்துத் துண்டு கீழே போனது. நடுவில் ஒரு படி முளைத்தது. மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் வீட்டைப் பார்த்து ஓடிவந்தது.

"என்னடா இது?" என்று கேட்டால் லியாண்ட்ரோ சிரிப்பான். "இந்த மண்ணு குடிகாரப்பய மதினி. தண்ணி கண்டா வீங்குவான், தண்ணி இல்லன்னா வத்துவான். நான் என்ன அவனுக்கு அப்பனா?"

சரி, மண்ணின் குணம் அப்படி என்று விட்டிருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பம் கூடுவது லியாண்ட்ரோ வீட்டுக் கொல்லையில். அங்கே செங்கல் அடுப்பு கட்டி, சுற்றிலும் பெரிய கான்கிரீட் தளம் போட்டிருந்தான். இறைச்சி வாட்டுவதும், சோள ரொட்டி சுடுவதும், பீர் குடிப்பதும், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும் எல்லாம் அதன் மேலேதான். இரண்டே தெரு தள்ளியிருக்கிற வீடு. அதே கரிசல். தளத்தில் ஒரு மயிரிழைக் கீறல் கிடையாது.

"உன் மண்ணு மட்டும் குடிக்காதோ?" என்று ஒரு தரம் கேட்டாள்.

"என் மண்ணு ஞானஸ்நானம் வாங்கின மண்ணு மதினி!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஓமேரோ மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஓமேரோ சாது. ஆஸ்பத்திரியில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தம்பி என்றால் உயிர். "விடு எல்வி, அவன் கூலி வாங்காமச் செஞ்சு குடுத்தான்ல" என்பான். கூலி வாங்காதவனைக் குறை சொல்ல முடியாது என்று அவளும் வாயை மூடிக்கொள்வாள்.

போன ஈஸ்டர் அன்று, வண்ணக் காகிதத் துகள் நிரப்பிய முட்டை ஓடுகளைப் பெரிய தாம்பாளத்தில் அடுக்கி, காரில் ஏற்றுவதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் உடைத்து விளையாடுவதற்கு. தாம்பாளம் மறைத்ததில் அந்தப் படி தெரியவில்லை. கால் தட்டி முன்னால் போய் விழுந்தாள். அத்தனை முட்டையும் அவள் மேலேயே உடைந்தது.

அழைத்துப்போக வந்திருந்த லியாண்ட்ரோ, "அடேயப்பா, மதினி ஈஸ்டர் ஆரம்பிச்சுட்டாங்க!" என்று கைதட்டினான். தெருவில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் எழுந்திருக்காமல் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. வலது மணிக்கட்டு உடைந்து, கை வேறு பக்கம் பார்த்தது.

உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். பள்ளி வருஷம் முடிகிறவரை பஸ் ஓட்டக் கூடாது என்றார்கள். அவளுடைய தடத்தை ஒரு புதுப் பையனுக்குக் கொடுத்தார்கள். காலையில் அவன் தெருமுனையில் கியரைக் கறகறவென்று இழுக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் எல்விராவுக்குத் தன் எலும்பை இன்னொரு தரம் உடைப்பது போலிருக்கும். ஜன்னல் வழியே அந்தப் படியைப் பார்ப்பாள். பத்து வருஷமாக விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு ஏறி வரும்.

ஓமேரோ தம்பியிடம் சொன்னான். லியாண்ட்ரோ ஒரு சனிக்கிழமை உச்சிவெயிலில் இரண்டு மூட்டைக் கலவையோடு வந்து, படியைச் சரிவாகப் பூசிவிட்டு, ஒரு கேன் பீர் குடித்துவிட்டுப் போனான். ஜூன் முடிவதற்குள் பூச்சு அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. எல்விரா அதில் ஒரு சில்லை எடுத்துக் கழுவி, இரவு ஓமேரோவின் தட்டில், பீன்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னது இது?"

"சாப்பிடு. உன் தம்பி சமைச்சது."

மறுநாள் பெனிட்டோ என்ற ஒப்பந்தக்காரனைக் கூப்பிட்டாள். முழுவதையும் உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்றாள். ஓமேரோவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஒடைக்கவா? எதுக்கு எல்வி? அது மேலயே இன்னொரு தட்டு போட்டுக்கலாமே."

"அழுகின பல்லு மேல தங்கத்தப் பூசச் சொல்றியா?"

"வெளியாளக் கூப்பிட்டா அவன் மனசு ஒடஞ்சு போகும்."

"எனக்குக் கையே ஒடஞ்சுது. அவன் மனசுக்கு மாவுக்கட்டு போட்டுக்கச் சொல்லு."

உடைக்கிற நாள் வந்தது. காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பெனிட்டோவும் நாலு ஆட்களும் இயந்திரத்தோடு வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே லியாண்ட்ரோவும் வந்தான். வண்டியைத் தெருவோரம் நிறுத்தி, அதில் சாய்ந்துகொண்டு, பனிக்கட்டி போட்ட சோடாவை உறிஞ்சினான். "மதினி காச எறியறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நாம வேடிக்க பாப்போம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

இயந்திரம் இரண்டு தட்டுத் தட்டியது. தளம் ரஸ்க் ரொட்டி மாதிரிப் பொலபொலவென்று உடைந்தது. பெனிட்டோ கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தான். இன்னொன்றைப் புரட்டினான்.

"அம்மா, இங்க வாங்க."

எல்விரா போனாள்.

"ஓரத்துல மட்டும்தான் கனம் காட்டிருக்கு. நடுவுல பாருங்க, மூணு விரக்கட கூட இல்ல. அடியில ஜல்லி இல்ல, கருமண்ணு மேலயே ஊத்திருக்காங்க. புல்ல கூடச் செதுக்கல." அவன் துண்டைத் திருப்பிக் காட்டினான். "கம்பி ஒண்ணு கூடக் கெடையாது."

எல்விரா குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறக் கான்கிரீட்டின் அடியில் பழைய புல்லின் வேர் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. நசுங்கிய பீர் கேன் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். "லியாண்ட்ரோ, கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?"

"பெக்கான் மரத்துல சாத்தி வச்சிருந்த கம்பி. என் முட்டியப் பேத்த கம்பி. நான் காசு குடுத்து வாங்கின கம்பி."

லியாண்ட்ரோ உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தான். "பன்னெண்டு வருஷம் ஆச்சே மதினி. இந்த மண்ணு இரும்பையே தின்னுரும்" என்று சொல்லி, ஆட்கள் பக்கம் பார்த்துச் சிரித்தான்.

ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்விரா கொழுந்தனைப் பார்க்கவில்லை. அவள் கண் ஓமேரோ பக்கம் திரும்பியது. அவன் வேலியோரம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் கண்ணாடியில் அந்த முகத்தை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். எறிந்தவன் முகமில்லை அது. எறிந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பவன் முகம்.

"ஓமேரோ. நீ சொல்லு."

அவன் செருப்பு முனையால் தரையைக் கீறினான்.

"உனக்குத் தெரியும். எங்க போச்சு?"

"அவன் வீட்டுக் கொல்லைக்கு" என்றான் ஓமேரோ. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "அடுப்புத் தளத்துக்கு. கம்பியும்... பாதிச் சிமெண்டும்."

லியாண்ட்ரோ சோடாவைத் தரையில் வைத்தான். "அண்ணே, நாம பேசினது என்ன? கூலிக்குப் பதிலாத்தான? இப்ப வந்து..."

எல்விரா அதற்கு மேல் கேட்கவில்லை. பெனிட்டோவின் ஆட்கள் சாத்தி வைத்திருந்த சம்மட்டியை இடது கையால் எடுத்து, காரின் பின் சீட்டில் போட்டாள். "எல்வி, கை! கைய நெனச்சுப் பாரு!" என்று ஓமேரோ ஓடி வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

லியாண்ட்ரோ வீட்டுக் கொல்லைக் கதவு சாத்தியிருக்காது. நேராக உள்ளே போனாள். தளம் வழவழவென்று வெயிலில் மினுங்கியது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் உட்கார்ந்து தின்றிருக்கிறாள்! "நல்லாப் போட்டிருக்கப்பா" என்று அவளே பாராட்டியிருக்கிறாள். அந்தப் பேச்சு ஞாபகம் வந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. சம்மட்டியைத் தூக்கி அடித்தாள். நங்கென்று சத்தம் வந்தது. தளம் அசையவில்லை. மறுபடி அடித்தாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரை மின்னல் போல வலி ஓடியது. ஓரத்தில் ஒரு விரல்நகம் அளவுக்குச் சில்லு தெறித்ததோடு சரி. அவளுடைய கம்பி உள்ளே இருந்துகொண்டு அவளுடைய அடியையே தாங்கியது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்ப, கண்ணில் நீர் வழிய வழிய அடித்தாள்.

சத்தம் கேட்டு லியாண்ட்ரோவின் மனைவி இடாலியா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அய்யோ கடவுளே! எல்விரா! பைத்தியம் பிடிச்சுருச்சா?"

"இதுக்கு அடியில இருக்கறது என் கம்பி! உன் புருஷன் என் வாசல்லருந்து திருடிட்டு வந்து போட்டது!"

இடாலியா அப்படியே நின்றாள். "திருடினானா? நீதான குடுத்த? வேல முடிஞ்சு மிஞ்சிப் போச்சு, மதினி எடுத்துக்கச் சொல்லிட்டாங்கன்னு அவன் சொன்னானே. அந்தக் கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு கம்பளிக் கோட்டு வாங்கித் தந்தேனே, நீல நிறத்துல. அது எதுக்குன்னு நெனச்ச? அந்தக் கம்பிக்கு நன்றி சொல்லத்தான்."

எல்விரா சம்மட்டியைக் கீழே போட்டாள். அந்தக் கோட்டை அவள் ஏழு குளிர்காலம் போட்டுத் தேய்த்திருக்கிறாள். இத்தனை நல்ல கோட்டு எதற்கு என்று அப்போது கொஞ்சம் சந்தேகப்பட்டது கூட உண்டு. இடாலியா உள்ளே போய், துணியில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு வந்து, எல்விராவின் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள்.

"அவன் வீட்டுக்கு வரட்டும். இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கப் போறதில்ல, அவனையே பத்த வைக்கிறேன்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் பாதித் தளம் குப்பை வண்டியில் ஏறியிருந்தது. லியாண்ட்ரோ போய்விட்டிருந்தான். சமையலறையில் ஓமேரோ மேஜை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேல பாதியில இருக்கும்போதுதான் அவன் கேட்டான் எல்வி. சும்மா செய்ய முடியாது, எனக்கும் தளம் போடணும், கம்பிய எடுத்துக்கறேன், யாருக்கும் தெரியாதுன்னான். வேண்டாம்னு சொல்லிருக்கணும். விழாவுக்கு நாள் இல்ல. அவன் விட்டுட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு..."

"எனக்கு ஒரு போன் போட முடியல?"

"உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துது. நீ கத்துவ. உன் கோபம் தெரிஞ்சதுதான..."

அதுவரை அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். அதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். கத்தவில்லை.

"இங்க பாரு ஓமேரோ. களவாண்டது அவன். கூட நின்னது நீ. அதக் கொண்டு வந்து என் கோவத்தோட தலையில கட்டாத. பத்து வருஷம் நான் கத்தல. உன் தம்பி கூலி வாங்கலன்னு நீ சொன்னதுக்காக வாய மூடிட்டு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் கம்பி மேல உக்காந்து தின்னுட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்தேன். நீயும் பக்கத்துல உக்காந்து தின்ன. என் கை ஒடஞ்சு கெடந்தப்பவாவது சொல்லிருக்கலாம். மருந்து எடுத்துக் குடுத்த, தலை வாரி விட்ட, சட்டப் பொத்தான் போட்டு விட்ட. சொல்லல. நான் கோவக்காரிங்கறதால நீ பொய் சொல்லல. நீ பொய் சொன்னதுக்கு என் கோவம் உனக்கு வசதியா இருந்துச்சு."

அவன் அழுதான். அவள் தேற்றவில்லை. எழுந்து போய் பெனிட்டோவின் ஆட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள்.

புதுத் தளம் ஒழுங்காக வந்தது. கருமண்ணை முழங்கால் ஆழம் வெட்டி எடுத்து, வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஜல்லியைக் கொட்டி இடித்து இறுக்கினார்கள். கூரைத் தண்ணீர் ஓரத்தில் விழாதபடி குழாயை வேறு பக்கம் திருப்பினார்கள். கம்பியைச் சதுரம் சதுரமாகக் கட்டி, தரையில் படாமல் தாங்கிகள் மேல் தூக்கி வைத்தார்கள். எல்விரா ஒவ்வொரு முடிச்சையும் குனிந்து இழுத்துப் பார்த்தாள். பெனிட்டோவுக்கு எரிச்சல் வந்தது. "நம்பிக்க இல்லியா அம்மா?" என்றான். "இல்ல" என்றாள். அவன் சிரித்துவிட்டு அப்பால் போனான்.

வெயில் ஏறினால் கலவை சீக்கிரம் இறுகி வெடிக்கும் என்று விடியும்போதே கொட்டினார்கள். அன்று எல்விரா நாற்காலி போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஈரம் காயாமல் காக்கிற வேலையை ஓமேரோ, யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டான். சாக்கு விரித்து, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. தடத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினாள். புதுப் பையன் கியர்ப்பெட்டியைக் கெடுத்து வைத்திருந்ததற்கு அவனுக்கும் ஒரு பாட்டு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை லியாண்ட்ரோ வீட்டுக்கு அவள் போவதில்லை. ஓமேரோ முதலில் இரண்டு தரம் தனியாகப் போனான். பிறகு அவனும் நிறுத்திவிட்டான். இடாலியா மட்டும் வியாழக்கிழமைகளில் வருவாள். புருஷன் ஷெட்டில் படுத்துறங்கிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்குவாள்.

அக்டோபரில் ஒரு மாலை லியாண்ட்ரோ வந்தான். எதுவும் நடக்காதது போல வண்டியைப் புதுத் தளத்தில் ஏற்றி நிறுத்தினான். கையில் ஒரு பெட்டி இனிப்பு ரொட்டி.

எல்விரா வெளியே வந்தாள். "வண்டிய எடு."

"மதினி, இன்னுமா? மாசம் எத்தன ஆச்சு? நாம ஒரே குடும்பம்."

"ரோட்டுல நிறுத்து."

அவன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினான். திரும்ப வந்து வீட்டுப் படியில் கால் வைத்தான்.

"உள்ள வா. சாப்பிடு. ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றாள் எல்விரா. "ஆனா மொதல்ல சொல்லிட்டு வா. எடுத்தேன், தப்புன்னு சொல்லு. ரெண்டே வார்த்த."

லியாண்ட்ரோ அண்ணனைப் பார்த்தான். "பாத்தியா அண்ணே? கோர்ட்டு வச்சு விசாரிக்கிறாங்க. நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

ஓமேரோ கதவுக்குள்ளிருந்து வெளியே வந்தான். எப்போதும் போல மெதுவாகத்தான் பேசினான். "நான் சொல்லிட்டேன் லியாண்ட்ரோ. சொல்றது எனக்கும் லேசா இல்ல. நீயும் சொல்லிட்டு வா."

லியாண்ட்ரோ பெட்டியைப் படியில் வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அதையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். முனையில் திரும்பும்போது டயர் கிறீச்சிட்டது.

ஓமேரோ தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றான். தம்பி இல்லாமல் அவன் ஒரு பண்டிகையும் கொண்டாடியதில்லை. அது எல்விராவுக்கும் தெரியும். கோபம் தீர்ந்ததா என்றால், தீரவில்லை. இரண்டு பேர் மேலும் இருந்தது. ஒருவன் மேல் இருந்தது கொஞ்சம் குறைந்திருந்தது.

"உள்ள வா. சோள ரொட்டி ஆறிப்போச்சு" என்றாள். "சூடா வேணும்னா நீதான் சுட்டுக்கணும். எனக்குக் கை வலிக்குது."

அவன் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தான்.